ஹான்ஸ் பெர்கர்

நம் உடம்பின் உறுப்புகளுள் தம் தொழிலைத் தாமே புலப்படுத்துவன பல உண்டு. நெஞ்சின்மேல் செவியை வைப்பின் இதயத் துடிப்புக் கேட்கும். கையைப் பற்றின் நாடியின் நடை தெரியும். மூச்சு வந்து போவதைக் கண்ணாலேயே காணலாம். மூளை ஒன்றே வாய் திறவாத உறுப்பு. மண்டையோடு என்னும் பேழைக்குள் இருக்கும் அஃது எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை வெளியே நின்று அறிவதற்கு நெடுங்காலம் வழி இருந்ததில்லை. தக்க கருவி வாய்க்குமாயின் மூளையும் தன்னைப் பற்றித் தானே எழுதிக் காட்டும் என்பதை மெய்ப்பித்தவர் ஜெர்மனி நாட்டு மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் ஆவார்.

மூளை இவ்வாறு வாய் திறவாமையால் மிகவும் துன்புற்றவர் கால்கை வலிப்பு நோயினர். நலமாக நடந்து செல்லும் ஒருவர் திடீரெனக் கீழே வீழ்வார்; கைகளும் கால்களும் வெட்டி இழுக்கும்; வாயில் நுரை தள்ளும். சிறிது பொழுதில் எல்லாம் ஓய்ந்து, நடந்தது இன்னதென்று அறியாதவராய் எழுந்து அமர்வார். பின்னர் உடம்பைச் சோதித்தால் குறை ஒன்றும் தோன்றாது. ஆதலின் இதனைப் பேய்க்கோள் என்றும் தெய்வக் குற்றம் என்றும் பல நாட்டு மக்களும் கருதி வந்தனர். நம் நாட்டில் கால்கை வலிப்பு என்னும் சொல்லே மக்கள் வாயில் திரிந்து காக்காய் வலிப்பு ஆயிற்று. அப்பறவைக்கும் இந்நோய்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை. வலிப்பு வந்தவர் கையில் சாவிக் கொத்தைத் திணிப்பதும் இத்தகையதே. வலிப்புப் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களில் தானே தணிகின்றது. அந்நேரத்தில் கையில் இருந்த சாவி அப்புகழைத் தட்டிக்கொண்டது. வீழ்ந்தவரை ஒருபுறமாகச் சாய்த்துக் கிடத்தி, வாயில் எதனையும் இடாது, தலையில் அடிபடாமல் காத்து நிற்பதே அப்போது செய்யத்தக்கது.

பெர்கர் 1873ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள், கோபர்க் நகரை அடுத்த நொய்செஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் பவுல் பெர்கர் கோபர்க்கில் மருத்துவராக விளங்கினார். தாயார் அன்னா, பிரீட்ரிக் ரூக்கர்ட் என்னும் பெரும்புலவரின் மகளாவார். இப்புலவரைப் பற்றி ஒரு சொல் கூறாமல் மேலே செல்ல எமக்கு மனம் வரவில்லை. அவர் நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகளைப் பயின்றவர். வடமொழியிலிருந்து நளன் கதையை ஜெர்மானிய மொழிப் பாவாக ஆக்கினார். தமிழையும் கற்றுத் திருக்குறட் பாக்கள் சிலவற்றைத் தம் மொழியில் பெயர்த்தார். பாட்டனார் மறைந்து ஏழாண்டு கழித்தே பெயரர் பிறந்தார். எனினும் பாட்டனார் வாழ்ந்து மறைந்த ஊரிலேயே பிறந்தார்.

இளமையில் பெர்கரின் உள்ளம் கணிதத்திலும் வானநூலிலுமே ஈடுபட்டிருந்தது. 1892ஆம் ஆண்டில் யேனா பல்கலைக் கழகத்தில் அவற்றைப் பயிலத் தொடங்கினார். ஆயினும் ஒரு பருவமே படித்து, அதனை விடுத்து, ஓராண்டுக் காலப் படைப்பயிற்சிக்காகக் குதிரைப் படையில் சேர்ந்தார். வூர்ட்ஸ்பர்க் நகரில் பயிற்சி நடந்துகொண்டிருந்த ஒரு நாள் காலையில் அவர் ஏறியிருந்த குதிரை திடீரென முன்கால்களைத் தூக்கி எழுந்தது. அவர் நிலைதவறி, குதிரைகள் இழுத்து வந்த பீரங்கி வண்டியின் முன்னே வீழ்ந்தார். சக்கரம் மேலேறும் நொடியில் வண்டி நின்றது. அச்சம் தவிர வேறு ஊறு இன்றி அவர் எழுந்தார்.

அன்று மாலையே தந்தையிடமிருந்து அவர் நலம் வினவித் தந்தி ஒன்று வந்தது. அதற்கு முன் அவருக்கு வீட்டிலிருந்து தந்தி வந்ததே இல்லை. கோபர்க்கில் இருந்த தமக்கை, தம்பிக்குத் தீங்கு நேர்ந்துவிட்டது என்று அன்று காலையில் மனங்கலங்கி உரைத்தமையால், தந்தையார் அத்தந்தியை விடுத்தாராம். இந்நிகழ்ச்சி பெர்கரின் உள்ளத்தில் ஆணியாய்ப் பதிந்தது. பேரச்சம் உற்ற வேளையில் தம் எண்ணம் ஏதோ ஒரு வடிவில் தமக்கையைச் சென்று சேர்ந்திருத்தல் வேண்டும் என்று அவர் நம்பினார். எண்ணம் அவ்வாறு தொலைவு கடந்து செல்லும் என்பதை அறிவியல் இன்றுவரை நிறுவவில்லை. இருவர் ஒரே வேளையில் அஞ்சியது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் அந்நிகழ்ச்சி பெர்கரின் வாழ்க்கையைத் திருப்பியது. அவர் வானநூலைக் கைவிட்டு மருத்துவம் கற்கப் புகுந்தார். உள்ளத்தின் ஆற்றலுக்கு உடம்பில் உள்ள அடிப்படை யாது என்று காண்பதே அவர் தமக்கு வகுத்துக்கொண்ட பணி.

1897இல் மருத்துவப் பட்டம் பெற்று, யேனாவில் பின்ஸ்வாங்கர் என்னும் பேராசிரியர் தலைமையில் இயங்கிய மனநோய் மருத்துவமனையில் பணியேற்றார். வாழ்நாள் முழுவதையும் அவ்விடத்திலேயே கழித்தார் எனலாம். 1919இல் அதன் தலைவரானார். 1927இல் பல்கலைக் கழகத்தின் தலைமைப் பொறுப்பும் அவரைத் தேடி வந்தது. வெளிப்பார்வைக்கு அவர் கண்டிப்பு மிக்க அதிகாரி, மிகுதியாகப் பேசாதவர். நாள் தவறாமல் குறித்த நேரத்தில் வருவார். குறித்த நேரத்தில் நோயாளரைப் பார்ப்பார். மாலையில் சிறு அறை ஒன்றில் அவர் தனித்திருந்து செய்த ஆராய்ச்சி இன்னதென்று உடன் பணியாற்றியோர் பலரும் அறியார்.

அவ்வாராய்ச்சி நெடுங்காலம் பயன் தரவில்லை. முதலில் மூளையினுள் பாயும் குருதியின் அளவு எண்ணத்திற்கேற்ப மாறுகின்றதா என்று அளந்தார். அடுத்து மூளையின் வெப்பத்தை அளந்தார். இரண்டும் அவர் தேடியதைத் தரவில்லை. எஞ்சியது மின்சாரம். 1875ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து நாட்டு லிவர்பூல் நகரத்து மருத்துவர் ரிச்சர்டு கேட்டன், முயல், குரங்கு ஆகியவற்றின் மூளையில் மெல்லிய மின்னோட்டம் இருப்பதைக் கண்டிருந்தார். மனித மூளையிலும் அஃது உண்டா என்பதே பெர்கரின் வினா. 1902 முதல் நாய்களிடம் செய்து பார்த்த சோதனைகள் ஏமாற்றத்தையே தந்தன. இடையே முதல் உலகப் போர் வந்தது. படை மருத்துவராகச் சென்று மீண்டார். ஐம்பது வயதை எட்டியும் கையில் பயன் ஒன்றும் இல்லை.

1924ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள் அவர் விடாமுயற்சி பயன் தந்தது. மூளைக் கட்டிக்காக அறுவை செய்யப்பெற்று, மண்டையோட்டில் ஒரு பகுதி எலும்பு நீக்கப்பட்டிருந்த பதினேழு வயது இளைஞன் ஒருவன் அவரிடம் இருந்தான். எலும்பு இல்லாத அவ்விடத்தில் மின்வாய்களைப் பொருத்தி, கம்பியின் மறுமுனையைக் கால்வனாமீட்டர் என்னும் நுண்கருவியோடு இணைத்தார். காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே கட்டிய, மயிரினும் மெல்லிய இழை ஒன்றே அக்கருவியின் உயிர். இதயத்தின் மின்னோட்டத்தை அளப்பதற்காக ஆலந்து நாட்டு எயின்தோவன் அமைத்தது அது. இழை சிறிதே நடுங்கியது. உடலோடு இருந்த ஒரு மனிதனின் மூளை அன்று தன் முதற்கோட்டை எழுதியது.

அவ்வோட்டம் எத்துணை மெல்லியது என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கைவிளக்கில் இடும் மின்கலம் ஒன்றின் அழுத்தம் ஒன்றரை வோல்ட். தலையின் தோல்மேல் கிடைக்கும் மூளை அலையோ, ஒரு வோல்ட்டைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் ஐம்பது கூற்றின் அளவே இருக்கும். அஃதாவது, அம்மின்கலத்தின் அழுத்தத்தில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. நெற்றித் தசை சுருங்கினாலும், இமை அசைந்தாலும், இதயம் துடித்தாலும் அவற்றின் மின்சாரம் இதனை மூழ்கடித்துவிடும். ஆகவே பெர்கர் மகிழ்வதற்கு மாறாக ஐயுற்றார். தாம் கண்டது மூளையின் ஓட்டந்தானா, அன்றித் தசையின் துடிப்பா, குருதியின் அசைவா என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். தம் தலையிலும், தம் மகன் கிளாசின் தலையிலும் மின்வாய்களை வைத்துத் திரும்பத் திரும்பச் சோதித்தார். மின்னியலில் அவருக்கு முறையான பயிற்சி இல்லை. கருவி பழுதுற்றால் வழி தெரியாது திகைப்பார். இவ்வாறு ஐந்தாண்டுகள் சென்றன. இக்காலத்தில் கண்டதை மறுநாளே உலகறியச் செய்ய விரும்புவோர்க்கு இஃது அளவுமீறிய பொறுமையாகத் தோன்றும். எமக்கு அந்த ஐந்தாண்டுகளே அவர் வாழ்வின் மிகச் சிறந்த பகுதியாகத் தோன்றுகின்றன.

1929ஆம் ஆண்டில், தம் 56ஆம் வயதில், முதற் கட்டுரையை வெளியிட்டார். மூளை மின்னலை வரைவுக்கு எலெக்ட்ரென்கெபலோகிராம் என்று பெயரிட்டார்; இந்நாளில் மருத்துவர் இ.இ.ஜி. என்று சுருக்கி வழங்குவது அதுவே. ஒருவர் கண்களை மூடி அமைதியாக இருக்கும்போது, தலையின் பின்புறத்தில் ஒரு நொடிக்குப் பத்து என்ற அளவில் ஒழுங்கான அலைகள் எழுகின்றன. கண்ணைத் திறந்தாலோ, மனக்கணக்கு ஒன்றில் கருத்தைச் செலுத்தினாலோ அவை மறைகின்றன. சிறியனவும் விரைவுடையனவுமான வேறு அலைகள் அவ்விடத்தைப் பெறுகின்றன. முன்னதை ஆல்பா என்றும் பின்னதைப் பீட்டா என்றும் கிரேக்க எழுத்துகளால் அவர் குறித்தார். எண்ணத்தின் பொருளை அவரால் படிக்க இயலவில்லை. எண்ணம் தொழிற்படும்போது மூளையின் ஓட்டம் மாறுகின்றது என்பதை மட்டும் உறுதியாகக் கண்டார்.

அடுத்து வந்த ஆண்டுகளில் பெர்கர் வலிப்பு நோயினரின் மூளையலைகளையும் பதிவு செய்தார். அவற்றில் இயல்புக்கு மாறான பேரலைகள் எழக் கண்டார். இதன் காரணத்தை ஓர் உவமையால் விளக்கலாம். ஊர்ச் சந்தையைத் தொலைவில் நின்று கேட்டால் ஒரு பொதுவான இரைச்சலே செவியில் படும். ஏனெனில் ஒவ்வொருவரும் தத்தம் போக்கில் பேசுகின்றனர். சந்தையில் உள்ளார் அனைவரும் ஒரே நொடியில் கைதட்டினால் அவ்வொலி இடிபோல் எழும். ஆனால் வாணிகம் நின்றுவிடும். மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை தத்தம் முறையில் தொழில் செய்வது நலம். பெருங்கூட்டமாக ஒரே தாளத்தில் மின்னோட்டம் விடுத்தல் வலிப்பு.

வலிப்பு நோயிலும் வகைகள் உண்டு. அவற்றுள் ஒன்றில் கை கால் இழுப்பதில்லை, வீழ்தலும் இல்லை. சிறுவன் பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடிகள் விழித்தபடி வெறித்து நிற்பான். பின்னர் விட்ட இடத்திலிருந்து தொடர்வான். 1935இல் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரத்தில் கிப்ஸ், டேவிஸ், லென்னாக்ஸ் என்னும் மூவர், அந்நேரத்தில் நொடிக்கு மூன்று என்ற அளவில் கூர்முனையும் அலையும் மாறிமாறி வரும் கோடு ஒன்று தவறாமல் தோன்றுவதை விளக்கிக் காட்டினர். யாம் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் தமிழாசிரியராய் இருந்த காலத்தில், செய்யுள் ஒப்பிக்கும்போது இடையிடையே நின்றுவிடும் மாணவன் ஒருவனைக் கவனமின்மைக்காகப் பலமுறை பெஞ்சின்மேல் நிற்க வைத்ததுண்டு. அவனுக்கு இந்நோய் என்பது ஓராண்டு கழித்தே தெரிந்தது. அந்தக் கோட்டைப் பற்றிப் படிக்குந்தோறும் அவன் முகம் எம் கண்முன் நிற்கும்.

பெர்கருக்கு அலையைக் கண்ணால் பார்த்தல் போதுமானதாக இல்லை. அதனை எண்ணால் அளத்தல் வேண்டும் என்று கருதினார். யேனாவில் இருந்த டீட்ச் என்னும் இயற்பியலார் அதற்குத் துணை புரிந்தார். எத்துணைச் சிக்கலான அலையையும் எளிய அலைகள் பலவற்றின் கூட்டாகப் பிரித்துக் காட்டலாம் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் பூரியே முன்னரே நிறுவியிருந்தார். மேளக் கச்சேரியின் ஒலியைக் கேட்டு நாகசுரம் இது, தவில் இது, ஒத்து இது எனப் பிரிப்பது போன்றதே இது. 1932இல் டீட்ச், பெர்கரின் கோடுகளை இம்முறையால் கணித்து வெளியிட்டார். கணிப்பொறி இல்லாத காலம் அது. சிறு துண்டுக் கோட்டிற்கும் நெடுங்கணக்குப் போடல் வேண்டும். இளமையில் கைவிட்ட கணிதம் பெர்கரை இவ்வாறு முதுமையில் மீண்டும் வந்தடைந்தது.

எனினும் அறிஞர் உலகம் அவரைப் பொருட்படுத்தவில்லை. மனநோய் மருத்துவர் ஒருவர் பழங்கருவியால் ஏதோ நடுக்கத்தை அளந்து மயங்குகின்றார் என்றே பலரும் எண்ணினர். 1934ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் நகரத்தில், நோபல் பரிசு பெற்ற ஏட்ரியன் என்னும் உடலியல் பேரறிஞர், மாத்யூஸ் என்பாருடன் சேர்ந்து அச்சோதனையைச் செய்து பார்த்தார். ஐயத்தோடு தொடங்கியவர், தம் தலையிலேயே ஆல்பா அலை எழக் கண்டார். அறிஞர் அவையில் தாமே அமர்ந்து அதனைக் காட்டியதோடு, பெர்கரின் பெயராலேயே அவ்வலையை வழங்கினார். அதன் பின்னரே உலகம் யேனாவைத் திரும்பிப் பார்த்தது.

பெர்கரின் வரலாற்றை இவ்வளவோடு நிறுத்தினால் படிப்பதற்கு இனிதாய் இருக்கும், உண்மையாய் இராது. 1933ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹிட்லரின் நாசி ஆட்சி தோன்றியது. அவ்வாண்டிலேயே கொடிய சட்டம் ஒன்று இயற்றப்பெற்றது. பரம்பரை நோய் உடையவர் என்று முடிவு கட்டப்பட்டோர்க்கு, அவர் விரும்பாவிடினும், மக்கட்பேறு இல்லாதவாறு அறுவை செய்யலாம் என்பது அச்சட்டம். அந்நோய்களின் பட்டியலில் வலிப்பும் இருந்தது. அதற்கென அமைத்த மன்றங்களில் மருத்துவரும் நீதிபதியரோடு அமர்ந்து தீர்ப்பளித்தனர். 1945இல் அவ்வாட்சி ஒழிவதற்குள் ஏறத்தாழ 4,00,000 பேர் அவ்வறுவைக்கு ஆளாயினர். யேனாவில் மேல்முறையீடுகளைக் கேட்ட மன்றத்தில் பெர்கரும் உறுப்பினராக அமர்ந்திருந்தார்; தம்மை விட்டுவிடுமாறு முறையிட்டோரின் வேண்டுகோள்களை மறுத்த தீர்ப்புகளில் அவருக்கும் பங்கு உண்டு. வலிப்பு மூளையின் மின்னோட்டக் கோளாறு என்று தம் கைவரைவாலேயே கண்டவர், நோயாளர்க்குப் பரிந்து பேசவேண்டிய இடத்தில் அவ்வாறு செய்யவில்லை. நாசி ஆட்சியினர் அவரைத் துன்புறுத்திப் பதவியினின்று நீக்கினர் என்று பழைய நூல்கள் பல கூறும். பிற்காலத்தில் ஆவணங்களை ஆராய்ந்தோர் அதனை மறுத்து, அவர் 65 வயது நிறைந்து 1938இல் ஓய்வு பெற்றார் என்று காட்டியுள்ளனர். அவரை நல்லவராக்கிக் காட்டும் பொருட்டு இதனை மறைத்தல் முறையன்று. இதன் பொருட்டு அவர் கண்டறிந்ததை இல்லை என்றலும் ஆகாது.

ஓய்வுக்குப் பின் உடல்நலமும் மனநலமும் குன்றின. மனச்சோர்வு நோயால் வாடிய அவர், தாம் தலைவராய் விளங்கிய யேனா மருத்துவமனையிலேயே 1941ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். பிறர் மனநோய்க்கு மருந்து தேடியவர் தம் நோய்க்கு மருந்து காணவில்லை.

அவர் தொடங்கிய பணியோ வளர்ந்தது. மூளை எழுதும் கோட்டைப் படித்தால் மட்டும் போதுமா, அக்கோடு எவ்வாறு பிறக்கின்றது என்று காணல் வேண்டாவா என்னும் வினா எழுந்தது. 8,600 கோடி அணுக்களையும் தனித்தனியே கணக்கிடுதல் எக்கருவிக்கும் அரிது. நெல் வாணிகர் நெல்மணியை எண்ணுவதில்லை; மரக்காலால் அளக்கின்றார். அவ்வாறே 1972இல் சிக்காகோ பல்கலைக் கழகத்தைச் சார்ந்த வில்சன், கோவன் என்னும் இருவர், நரம்பணுக்களைக் கூட்டங் கூட்டமாக எடுத்துச் சமன்பாடு வகுத்தனர். ஒரு கூட்டம் பிற அணுக்களைத் தூண்டுவது; மற்றொரு கூட்டம் அவற்றை அடக்குவது. மாட்டு வண்டிக்குத் தார்க்கோலும் மூக்கணாங்கயிறும் இருப்பது போல என்க. இரண்டும் அளவோடு இருப்பின் வண்டி சீராகச் செல்லும். கயிறு தளர்ந்தால் மாடு வெருண்டோடும். 1974இல் ஆலந்து நாட்டில் லோபெஸ் ட சில்வா என்பாரும் அவர் துணைவரும் இத்தகைய சமன்பாடுகளைக் கணிப்பொறியில் இயக்கி, ஆல்பா அலையை ஒத்த அலையைப் பெற்றனர். பின்வந்தோர் அடக்கும் கூட்டத்தின் வலிமையைச் சமன்பாட்டில் குறைத்துப் பார்த்தபோது, அமைதியான அலை வலிப்பு அலையாக மாறியது.

வலிப்பு நோயினருள் மூன்றில் ஒருவர்க்கு மருந்து போதிய பயன் தருவதில்லை. அவருள் சிலர்க்கு வலிப்புப் பிறக்கும் இடத்தை அறுத்து நீக்கலாம். எவ்விடம் என்று துணிவதே அரிது. தவறினால் பேச்சோ நினைவோ கெடும். பிரான்சு நாட்டு மார்செய் நகரத்து யிர்சா என்பாரும் அவர் குழுவினரும், வலிப்புத் தொடங்கி, ஓடி, ஓயும் முறையை ஐந்து சமன்பாடுகளில் அமைத்து 2014இல் வெளியிட்டனர். நோயாளி ஒருவரின் மூளைப் படத்தில் உள்ள நரம்புப் பாதைகளோடு அவற்றை இணைத்து, அவருக்கே உரிய மாதிரி மூளை ஒன்றைக் கணிப்பொறியில் உருவாக்குகின்றனர். கத்தியை எடுக்குமுன் அம்மாதிரியில் அறுத்துப் பார்க்கலாம். வலிப்பு நின்றதா, வேறு வழியே பரவியதா என்று காணலாம். இம்முறை மெய்யாகவே நோயாளர்க்கு உதவுமா என்று அறிய, பிரான்சு நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் 2019ஆம் ஆண்டு பெருஞ்சோதனை தொடங்கப்பெற்றது. கணிப்பொறி எத்துணை நுண்ணிதாகக் கணித்தாலும், அது வரையும் கோட்டை நோயாளியின் தலையிலிருந்து பெற்ற கோட்டின் அருகே வைத்தே ஒப்பிடுகின்றனர்.

அக்கோட்டைப் பெறும் முறை பெரிதும் மாறவில்லை. தலையில் மின்வாய்களைப் பொருத்தியதும், சோதிப்பவர் நோயாளியைக் கண்களை மூடிக்கொள்ளுமாறு பணிப்பார். சிறிது நேரத்தில், பின்மண்டைக்குரிய கோடுகளில் நொடிக்குப் பத்து என்ற அளவில் ஆல்பா அலை எழும். கருவி செவ்வையாக இயங்குகின்றது என்று அறிந்து, அவர் மேற்கொண்டு சோதிக்கத் தொடங்குவார்.